வரலாற்றைத் தனியாக அனுப்புவதில்லை

அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். ராஜபாளையத்தில் மே மாத வெயில். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் ஃபேனுக்குக் கீழே தரையில் சாய்ந்திருந்தபோது, "மாமா, நான் பி.ஏ. ஹிஸ்டரி எடுக்கலாம்னு இருக்கேன்" என்றாள். வீடு ஒரு நிமிஷம் அமைதியாக இருந்தது. பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். (பேச்செல்லாம் தெலுங்கில்தான். நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எனக்கு அதை எழுதவோ படிக்கவோ வராது என்பதால் இங்கே தமிழில் தருகிறேன். இந்த விஷயம் பின்னால் திரும்ப வரும்.)

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அவள் வயதில் அந்தக் கேள்வியே எழவில்லை. ஃபர்ஸ்ட் குரூப், கட்-ஆஃப், கவுன்சலிங், நாலு வருஷம் பொறியியல், பிறகு பெங்களூரு பஸ். அதோடு பார்த்தால் இது பெரிய முன்னேற்றம். "ஹிஸ்டரி தாராளமா படி. ஆனா கூட ஒண்ணு சேத்துக்கோ" என்றார் அக்கா வீட்டுக்காரர். கூட என்ன என்பதில்தான் வீடு நாலாகப் பிரிந்தது. ஐஐடி மெட்ராஸ் ஆன்லைனில் நடத்தும் டேட்டா சயின்ஸ் படிப்பு என்றார் அவர். அக்காவுக்கு பி.எட். மேல் ஆசை. சித்தப்பா டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங்கைத் தாண்டி வரவில்லை. அம்மா மட்டும், "ரெண்டு படிப்புன்னா ரெண்டு ஃபீஸா?" என்று கேட்டாள்.

வயசுப்பிள்ளையைத் திருவிழாவுக்குத் தனியாக அனுப்பாமல் தம்பியைத் துணைக்கு அனுப்பும் வீடுகள் உண்டு. வரலாறும் எங்கள் வீடுகளில் அப்படிப்பட்ட பிள்ளைதான். துணையாகப் போகிறவன் எதையும் பார்க்க வேண்டியதில்லை, கூட நடந்தால் போதும்.

சட்டமும் இப்போது இதற்கு வழிவிடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் ஒரே சமயத்தில் இரண்டு முழுநேரப் பட்டங்கள் படிக்கலாம் என்று அறிவித்தது. இரண்டையும் வகுப்பறையில் படித்தால் நேரம் மோதக்கூடாது. ஒன்றை நேரிலும் இன்னொன்றைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ படித்தால் அந்தச் சிக்கலும் இல்லை. ஆகவே, "சேத்துக்கோ" என்பது இப்போது நடைமுறையில் முடிகிற விஷயம்.

"நீங்க சொல்லுங்க மாமா, ஹிஸ்டரி கூட எது நல்லா இருக்கும்?" என்று கேட்டாள். வீட்டில் பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் வாங்குகிற ஒரே ஆள் என்பதால் என்னிடம். மூன்று வாரம் பதில் சொல்லாமல் இழுத்தடித்தேன். அந்த மூன்று வாரமும் ஒரு பழைய காவியத்தையும் அதைச் சுற்றி எழுதப்பட்ட சிலவற்றையும் மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

முதலில் பாடத்திட்டங்கள். தமிழ்நாட்டில் பி.ஏ. வரலாறு என்றால் வரலாறு மெயின், மற்றவை அலைடு. கேரளத்தில் ஆங்கிலமும் வரலாறும் இரட்டை மெயினாகக் கிடைக்கிற படிப்பு உண்டு. கர்நாடகத்தில் எச்.இ.பி. என்று சொன்னால் ஆட்டோக்காரருக்கும் தெரியும்: வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், மூன்றும் சமம். ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறும் ஆங்கிலமும், வரலாறும் பொருளியலும், வரலாறும் அரசியலும் என்று ஜோடி ஜோடியாகப் பட்டங்கள் இருக்கின்றன.

எங்கும் அமைப்பு ஒன்றுதான். டிபன் கேரியர் மாதிரி. கீழ் அடுக்கில் சாதம், மேல் அடுக்கில் குழம்பு. ஒன்றோடொன்று கலக்காமல் வருவதுதான் கேரியரின் பெருமை. பிசைந்து சாப்பிடுவது மாணவர் பாடு. பெரும்பாலோர் பிசைவதில்லை, இரண்டையும் தனித்தனியாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

அக்கா மகள் ஏற்கனவே ஒரு கூட்டுப் படிப்பைத்தான் முடித்திருக்கிறாள் என்பது இந்தப் பேச்சில் யாருக்கும் தோன்றவில்லை. அவள் பிளஸ் டூவில் மூன்றாம் குரூப்: வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், வரலாறு. பற்று வரவும் பிரெஞ்சுப் புரட்சியும் ஒரே ரிசல்ட் ஷீட்டில். யாரோ எதற்காகவோ போட்ட சேர்க்கை. ஆனால் தென்னிந்தியாவில் வரலாறும் கணக்கும் சேர்ந்த ஒரு மரபு உண்மையிலேயே இருந்தது என்று சொல்கிற புத்தகம் ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன் காவியம்.

*

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ்ஸில் உட்கார்ந்து மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டே போனால் கோபுரம் வந்துவிடும். அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று அந்த ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். எங்களுக்கு அது பால்கோவா வாங்கும் ஊர், மார்கழியில் அம்மா போகிற ஊர். ஆண்டாளும் பெரியாழ்வாரும் அங்கே தமிழில் பாடினார்கள் என்பது பள்ளியில் படித்தது.

அந்த ஊரைப் பற்றித் தெலுங்கில் ஒரு மகாகாவியம் இருக்கிறது என்று பள்ளியில் யாரும் சொல்லவில்லை. எழுதியவர் விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர், ஆட்சிக்காலம் 1509 முதல் 1529. காவியத்தின் பெயர் ஆமுக்தமால்யதா. சூடிய மாலையைக் கொடுத்தவள், அதாவது நம் சூடிக்கொடுத்த நாச்சியார். கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணா நதிக்கரை ஸ்ரீகாகுளத்தில் தங்கியிருந்த அரசரின் கனவில் ஆந்திர விஷ்ணு வந்து, தெலுங்கில் எழுது என்று சொன்னதாகத் தொடக்கம். ஆறு ஆஸ்வாசங்கள். கதை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆரம்பிக்கிறது.

இந்தக் காவியத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் முதல் ஆஸ்வாசத்தில் ஊர் வர்ணனையில் வருகிறது. விடியற்காலை. வயல் வாய்க்காலில் வாத்துகள் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்குகின்றன. ஊர்க்காவலர்கள் பார்க்கிறார்கள். அதிகாலையில் குளித்துவிட்டுப் போன பிராமணர்கள் பிழிந்து சுருட்டி வைத்த வேட்டிகளை மறந்துவிட்டார்கள் போல என்று நினைத்து, எடுத்துக்கொண்டுபோய் வீட்டில் கொடுக்கலாமென்று தண்ணீரில் இறங்குகிறார்கள். வேட்டிகள் எழுந்து ஓடுகின்றன. நெல்வயல் காக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான் பாடல். ஒரு பேரரசன் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறான்.

இன்னொரு இடம் விஷ்ணுசித்தரின், அதாவது பெரியாழ்வாரின் வீடு. நடு ராத்திரியில் அந்த வீட்டின் பக்கம் காதைக் கொடுத்தால் சில சத்தங்கள் கேட்கும் என்கிறார் கவி. ஒன்று, பெருமாளின் கதைகளைச் சொல்லும் குரல். இன்னொன்று, வீட்டுக்காரர் அதிதிகளிடம் மன்னிப்புக் கேட்கும் குரல்: கறி வகை அதிகமில்லை, சூடும் இல்லை, பலகாரம் இல்லை, தயவு செய்து சாப்பிட வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் எந்த விருந்திலும், இலை நிறையப் பரிமாறிவிட்டு, "ஒண்ணுமே செய்யல, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்கிற அதே குரல்.

நான்காம் ஆஸ்வாசம் வேறு ரகம். யாமுனாச்சாரியார் அரசைத் துறக்கும்போது மகனுக்கு ராஜநீதி சொல்கிறார். கோட்டைகளை யாரிடம் ஒப்படைப்பது, காட்டு மக்களிடம் எப்படி நடந்துகொள்வது, ஏரியும் கால்வாயும் வெட்டி ஏழைக் குடியானவர்களுக்கு எப்படி வரியில் சலுகை தருவது. துறைமுகங்களைச் செம்மைப்படுத்து என்கிறார். புயலாலும் நோயாலும் கரை ஒதுங்குகிற அயல்நாட்டு மாலுமிகளை அவரவர் நாட்டுக்கு ஏற்றபடி கவனித்துக்கொள் என்கிறார். யானையும் நல்ல குதிரையும் கொண்டுவரும் தூரதேச வணிகருக்கு ஊரும் வீடும் கொடு, தினமும் சபையில் பார், நல்ல லாபம் கிடைக்கச் செய். அப்போதுதான் குதிரைகள் எதிரியிடம் போகாது.

இந்த ஒரே காவியத்தைக் கல்லூரிகளின் துறைகள் எப்படிப் பங்கு போட்டுக்கொண்டன என்று பாருங்கள். வரலாற்றுத் துறை ராஜநீதியை எடுத்துக்கொண்டது. 1920-களில் ஏ. ரங்கசுவாமி சரஸ்வதி அந்தப் பகுதியை மட்டும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஒரு வரலாற்று இதழில் வெளியிட்டார். விஜயநகரம் பற்றி எழுதுகிறவர்கள் அதைத்தான் காலங்காலமாக மேற்கோள் காட்டி வருகிறார்கள். அதற்கு முன்பே, 1919-இல் எஸ். கிருஷ்ணசுவாமி அய்யங்கார் தொகுத்து மதராஸ் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'சோர்சஸ் ஆஃப் விஜயநகர் ஹிஸ்டரி' இந்த முறைக்குப் பாதை போட்டிருந்தது. சமஸ்கிருத, தெலுங்குக் காவியங்களிலிருந்து வம்சாவளி, படையெடுப்பு, தேதிக்கு உதவும் பகுதிகளை வெட்டி எடுத்து அடுக்கிய தொகுப்பு அது. மகத்தான உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் பலாச்சுளையை எடுத்துக்கொண்டு பழத்தைப் பார்க்காத வேலை. தெலுங்கு இலக்கியத் துறைக்கு வாத்தும் மழைக்கால வர்ணனையும் போதும். தமிழ்த் துறைக்கு ஆண்டாள் தமிழச்சி, காவியம் தெலுங்கு, ஆகவே அது வேறு யாருடைய வேலையோ.

நான் கேட்கிற கேள்வி எளிமையானது. இரண்டு பாடங்களையும் உண்மையாகவே சேர்த்துப் படித்தவர் இந்தக் காவியத்தில் என்ன பார்ப்பார்? எனக்குத் தோன்றுவது இது. நடு ராத்திரியில் அதிதிக்குச் சோறு போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்கும் வீடும், கரை ஒதுங்கிய மாலுமியைக் கவனிக்கச் சொல்லும் ராஜநீதியும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. வந்தவனை எப்படி நடத்துவது? விஷ்ணுசித்தரின் உபசாரத்துக்குப் பின்னால் காரணமே இல்லை. அரசனின் உபசாரத்துக்குக் காரணம் இருக்கிறது: குதிரை. ஒரே கை இரண்டையும் எழுதியிருக்கிறது. தன்னால் ஒருபோதும் விஷ்ணுசித்தர் வீட்டு உபசாரத்தைச் செய்ய முடியாது என்று தெரிந்த ஒருவர், தன் ஊரை விட்டு வெகுதூரம் தெற்கே ஒரு சின்ன ஊரில் அதை வைத்துப் பார்த்திருக்கிறார். ராஜநீதியை மட்டும் வெட்டி எடுத்தால் இந்த ஏக்கம் தெரியாது, சாமர்த்தியம் மட்டும்தான் தெரியும். வாத்தை மட்டும் ரசித்தால் அந்த வாய்க்காலுக்கு வரி போடுகிறவன்தான் கவி என்பது மறந்துபோகும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கம் கண்மாய்ப் பாசனம், மலையடிவாரத்துச் செம்மண்ணும் கரிசலும். வாத்து தூங்குகிற அந்த நிறைந்த வாய்க்கால் ஸ்ரீவில்லிபுத்தூரின் தண்ணீரா, கிருஷ்ணா டெல்டாவின் தண்ணீரா, அல்லது எல்லாக் காவியத்திலும் ஓடுகிற மரபின் தண்ணீரா? திருமுக்குளத்தை வற்றிய நிலையில் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்வி சும்மா விடாது. வரலாறு மட்டும் படித்தவர் இதை வெறும் அலங்காரம் என்று தாண்டிவிடுவார். இலக்கியம் மட்டும் படித்தவருக்கு அது அழகான அலங்காரம், அவரும் தாண்டிவிடுவார். சேர்த்துப் படிப்பதில் கிடைக்கிற ஒரே லாபம், தாண்ட முடியாமல் நிற்கிற இடங்கள் கூடுவது. சம்பளப் பேச்சில் இதைச் சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும்.

*

இப்போது நான் சொன்ன புத்தகம். 2001-இல் வந்த 'டெக்ஸ்சர்ஸ் ஆஃப் டைம்', 1600 முதல் 1800 வரை தென்னிந்தியாவில் வரலாறு எழுதப்பட்ட விதம் பற்றியது. மூன்று பேர் எழுதியது: வெல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம். இதே மூவரும் 1992-இல் நாயக்கர் கால அரசவை பற்றி 'சிம்பல்ஸ் ஆஃப் சப்ஸ்டன்ஸ்' எழுதினார்கள். ஆமுக்தமால்யதாவின் ராஜநீதி பற்றியும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

இவர்கள் என்ன படித்தவர்கள் என்று பாருங்கள். நாராயண ராவ் தெலுங்கு. ஆந்திரத்தில் தெலுங்கு கற்பித்துவிட்டு அமெரிக்காவில் விஸ்கான்சினுக்குப் போனவர். ஷுல்மன் ஜெருசலேமில் இஸ்லாமிய வரலாறும் அரபியும் படித்தார். பிறகு லண்டனில் தமிழ், தமிழ்த் தலபுராணங்களில் முனைவர் பட்டம். சுப்ரமணியம் டெல்லியில் பொருளியல் படித்து, பொருளியலில் முனைவரானவர். வரலாற்றாசிரியர் என்று இன்று உலகம் அறிகிற அவரிடம் வரலாற்றுப் பட்டமே இல்லை. கையில் வரலாற்றுப் பட்டத்தோடு வந்த ஷுல்மனை எல்லோரும் இலக்கிய அறிஞராக நினைக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது சித்தப்பா மட்டும் சிரித்தார்.

புத்தகத்தின் வாதத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். இந்தியர்களுக்கு வரலாற்று உணர்வு இல்லை என்பது பழைய குற்றச்சாட்டு. மூவரின் பதில்: இருந்தது, ஆனால் வரலாறு என்று தனியாக ஓர் இலக்கிய வகை இருக்கவில்லை. ஒரு சமூகத்தில் எந்தக் காலத்தில் எந்த வடிவம் செல்வாக்காக இருந்ததோ, அந்த வடிவத்தில் வரலாறு எழுதப்பட்டது. காவியம் கோலோச்சினால் காவியத்தில், கதைப்பாடல் என்றால் கதைப்பாடலில், பிறகு உரைநடையில். ஒரே வகைக்குள் கற்பனையும் இருக்கும், நடந்ததும் இருக்கும். அந்த மொழிக்குள் வளர்ந்த வாசகர், நடையில் உள்ள சின்னச் சின்ன அடையாளங்களை வைத்து, இது நடந்தது, இது கட்டியது என்று பிரித்துவிடுவார். அந்த அடையாளங்களின் தொகுப்புக்குத்தான் டெக்ஸ்சர் என்று பெயர் வைக்கிறார்கள். துணியின் நெசவு மாதிரி. மில்லுக்கும் பாண்டேஜ் துணிக்கும் பேர்போன ஊர்க்காரனுக்கு இது உடனே புரியும். விரலை வைத்தாலே நூல் எத்தனையாம் கவுண்ட் என்று சொல்லும் ஆட்கள் எங்கள் தெருவில் உண்டு.

1757 பொப்பிலிப் போரையும், 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த செஞ்சி தேசிங்குராஜனையும் அவர்கள் படிக்கிற விதம் அபாரம். தேசிங்கு கதையை நான் தாத்தா வாயால் கேட்டது. குதிரை, சத்தியம், சாவு. அதே நிகழ்வைப் பாரசீகத்தில் எழுதிய அரசவைக்காரர்களின் பதிவோடு பக்கத்தில் வைத்துக் காட்டும்போது, எந்த இடத்தில் கதைப்பாடகர் தெரிந்தே விலகுகிறார் என்பது புலப்படுகிறது. அவருக்கு உண்மை தெரியும். வேறு ஒன்றைச் சொல்வதற்காக அதை விட்டுவிடுகிறார்.

புத்தகத்தின் நாயகர்கள் கரணங்கள். ஊர்க் கணக்கர்கள், அரசாங்கக் கணக்கர்கள். நம் பக்கத்துக் கணக்குப்பிள்ளைகளின் தெலுங்கு உறவினர்கள். நிலக்கணக்கு, வரிக்கணக்கு, கடிதம், பல மொழிப் பழக்கம். பக்தியைவிட அரசு நடத்துவதில் அக்கறை. இவர்கள் கையில்தான் உரைநடை வரலாறு வளர்ந்தது என்கிறார்கள் மூவரும். கணக்குப்பதிவியலும் வரலாறும்! அக்கா மகளின் மூன்றாம் குரூப்.

ஆனால் எனக்கு இந்தப் புத்தகத்தோடு ஒரு தகராறு இருக்கிறது. 2007-இல் 'ஹிஸ்டரி அண்ட் தியரி' இதழ் இந்தப் புத்தகத்துக்காக ஒரு விவாதமே நடத்தியது. ரமா மந்தேனா, ஷெல்டன் பொல்லாக், கிறிஸ்டோபர் செக்கூரி எழுதினார்கள், மூவரும் பதில் சொன்னார்கள். அது அறிஞர்களின் சண்டை. என் தகராறு வீட்டுச் சண்டை. நெசவைத் தொட்டே அறியும் அந்த வாசகர் யார்? தாய்மொழியாளர் என்றால் நான் தாய்மொழியாளன். ஆமுக்தமால்யதா என் தாய்மொழியில் எழுதப்பட்டது, என் பக்கத்து ஊரைப் பற்றியது. என்னால் அதன் முதல் எழுத்தைக்கூடப் படிக்க முடியாது. வாத்துக்குக் காவியத்தில் இருக்கிற சொல் எங்கள் அம்மா சொல்கிற அதே சொல் என்பதை நான் தெரிந்துகொண்டது ஓர் ஆங்கில எழுத்துப்பெயர்ப்பிலிருந்து. நாங்கள் தெலுங்கை வாயில் வைத்திருக்கிறோம், கை தமிழுக்குப் போய்விட்டது. எங்களைப் போன்ற லட்சக்கணக்கான பேரை மூவரின் வாசகர் கணக்கில் எங்கே வைப்பது? அவர்கள் சொல்லும் வாசகர் ஒரு காலத்தில் எங்கள் வீட்டிலும் இருந்திருக்கலாம். ஒரு சமூகம் தன் நெசவைத் தொட்டுப் பார்க்கும் விரலை இழந்தபின் அந்தப் பிரதி அவர்களுக்கு வரலாறா, கதையா? புத்தகம் 1800-ஓடு நின்றுவிடுகிறது. எனக்கு அங்கேதான் தொடங்குகிறது.

அப்படிக் கேட்டுவிட்டு, இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டு எந்தப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலும் உருவாகவில்லை. மூன்று பேர், மூன்று துறை, பல மொழி, நீண்ட நாள் நட்பு. ஒரே மண்டைக்குள் எல்லாவற்றையும் திணிக்க வேண்டும் என்ற அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை. பதினேழு வயதுப் பெண்ணிடம், "எதைச் சேத்துக்கோ" என்று கேட்பவர்கள், "யாரோட சேந்துக்கோ" என்று கேட்பதில்லை.

*

மென்பொருள்காரனாக எனக்கு வேறு பதில் கைவசம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரலாறும் கணினியும். இதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. வேதியியலும் சட்டமும் படித்து ஐ.ஏ.எஸ். ஆன ஐராவதம் மகாதேவன் 1977-இல் சிந்துவெளி எழுத்துகளின் தொடரடைவைக் கணினியின் துணையோடு கொண்டுவந்தார். அடுத்த வருஷம், 1978-இல், நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மத்சுய் ஆகியோரின் சோழர் கல்வெட்டுப் பெயர்களின் அடைவு மதுரையிலிருந்து மூன்று தொகுதிகளாக வந்தது. இங்கேயும் மூவர், கவனியுங்கள். கல்வெட்டில் வரும் ஆட்களின் பெயர், பட்டம், ஊர், காலம் எல்லாவற்றையும் எண்ணக்கூடிய தரவாக மாற்றி, எந்தப் பட்டம் எந்தக் காலத்தில் எந்த வட்டாரத்தில் கூடுகிறது, குறைகிறது என்று பார்க்கிற வேலை. ராஜராஜனின் புகழ்பாடும் முன்னுரையைத் தாண்டி, நிலம் யார் கையில் இருந்தது என்று கேட்பதற்கு அது கருவியானது.

டேட்டா சயின்ஸ் என்று அக்கா வீட்டுக்காரர் சொன்னபோது எனக்கு இந்தத் தொகுதிகள்தான் ஞாபகம் வந்தன. ஆனால் என் வேலையில் தினமும் பார்ப்பதும் ஞாபகம் வந்தது. அட்டவணையில் ஒரு பெயர் இரண்டு முறை வந்தால் அது ஒரே ஆளா, இரண்டு ஆளா? இந்த முடிவை எந்த நிரலும் எடுக்காது. 'மூவேந்தவேளான்' என்று ஒரு கல்வெட்டில் பார்க்கிறவருக்கு, அது பெயரா பட்டமா என்று சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு அந்தக் காலத் தமிழ் வேண்டும், எழுத்து வேண்டும், கல்லின் முன் நின்ற அனுபவம் வேண்டும். எண்ணுவது அதற்குப் பிறகு. நிரல் எழுதக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் போதும், இருபத்தைந்து வயதிலும் கற்கலாம். நானே சொல்லித் தருவேன். ஒரு பழைய மொழிக்குள் போவது அப்படி இல்லை.

ஆகவே என் பதில் மொழி. வரலாற்றோடு ஒரு மொழி, அதிலும் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை தெலுங்கு. பட்டமாகக் கிடைத்தால் பட்டம், கிடைக்காவிட்டால் எழுத்து கற்றுக்கொள்வதிலிருந்து. பாதி ஏற்கனவே வாயில் இருக்கிறது.

இந்தப் பதிலை எனக்குக் காட்டியவர் எங்கள் ஊர்க்காரர். மு.கு. ஜகந்நாத ராஜா. ராஜபாளையத்தில் வாழ்ந்த பன்மொழிப் புலவர். ஆமுக்தமால்யதாவைத் தமிழுக்குக் கொண்டுவந்து, அதற்காகச் சாகித்ய அகாதமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றவர். பிராகிருதத்திலிருந்து காதா சப்தசதியைத் தமிழில் தந்தவரும் அவர்தான். நான் காவியத்தைப் படித்தது அவருடைய தமிழிலும், ஸ்ரீனிவாஸ் ரெட்டி 2010-இல் கொண்டுவந்த ஆங்கிலத்திலும். இரண்டு பேருக்கும் நான் கடன்பட்டவன், முதலாமவருக்குக் கூடுதலாக. மூவர் மூன்று கண்டங்களில் இருந்து செய்த வேலையின் ஒரு பகுதியை இவர் மில் சங்கு ஊதும் ஊரில் இருந்துகொண்டு செய்தார். தெலுங்குக்காரர்கள் தெலுங்கைப் படிக்க மறந்த ஊரில், அவர்கள் படிக்கக்கூடிய எழுத்தில் அதைத் திருப்பிக் கொடுத்தார். ராஜபாளையத்திலிருந்து வந்த முதலமைச்சர் பி.எஸ். குமாரசாமி ராஜா பெயர் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஜகந்நாத ராஜா பெயரை எங்கள் வீட்டில் நான் சொல்லித்தான் கேட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை அதே ஊரில் படித்த எனக்கே பெங்களூரில் ஒரு நண்பர் சொல்லித்தான் தெரியவந்தது.

எனக்கு இதில் ஒரு சுயநலம் இருப்பதை அக்கா உடனே கண்டுபிடித்தாள். "உனக்குப் படிக்க முடியாததை எம்பொண்ணு படிக்கணும்ங்கிற" என்றாள். மறுக்கவில்லை. மச்சான், "தெலுங்கு நமக்குத்தான் தெரியுமே, அதுக்கு எதுக்கு ஃபீஸ்?" என்று கேட்டார். அவருக்கு என்னால் இதுவரை சரியான பதில் சொல்ல முடியவில்லை. டேட்டா சயின்ஸுக்கு ஒரு சம்பளம் இருக்கிறது. ராஜநீதியில் சொல்வது போல, குதிரை வேண்டுமென்றால் லாபம் கொடுக்க வேண்டும். விஷ்ணுசித்தர் வீட்டுக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் எதிர்காலத்தை முடிவு செய்ய எனக்கும் தைரியம் போதவில்லை. டேட்டா சயின்ஸ் தகுதித் தேர்வையும் எழுதிப் பார் என்று நானே சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அவள் ஒரு நோட்டைக் காட்டினாள். யூட்யூபில் பார்த்துத் தெலுங்கு எழுத்து பழகுகிறாளாம். இரண்டு பக்கம் நிறைய அ, ஆ. நான் அனுப்பியிருந்த வாத்துப் பாடலைப் போனில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். பாதிக்கு மேல் சமஸ்கிருதக் கூட்டுச்சொற்கள், தடுமாறினாள். பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எதையும் கவனித்த மாதிரி தெரியவில்லை. முதல் வரியிலேயே வருகிற அந்தச் சொல்லை அவள் மூன்றாவது தடவை சரியாகச் சேர்த்துச் சொன்னபோது அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"வாத்து என்ன பண்ணுதாம்?" என்று கேட்டாள்.